முப்பத்தாறு வோல்ட்

பாரிமுனைச் சந்தொன்றில்
ஏழாயிரத்து நானூறுக்குப் பேரம் படிந்தது.
நடுவில் மோட்டார் வைத்த ஒரு சக்கரம்,
சோப்பு டப்பா அளவில் கன்ட்ரோலர்,
திருகுகிற கைப்பிடி,
பிடித்தால் கரண்ட்டை வெட்டும் பிரேக் இரண்டு,
சீன எழுத்தில் மடித்த ஒரு காகிதம்.
பேட்டரி தனி என்றான் கடைக்காரன்,
நான் பெட்டிக்குக் கயிறு கட்டி முடித்த பிறகு.

லித்தியம் விலையைக் கேட்டு
காசு கொடுத்து ஒரு டீ குடித்தேன், டீ விற்கிறவன்.
பன்னிரண்டு வோல்ட் ஈய பேட்டரி மூன்றை
வாலோடு தலை கோத்தால் முப்பத்தாறு.
எடை பன்னிரண்டு கிலோ.

எர்ணாவூர் குடியிருப்பு, மூன்றாவது மாடி நடை.
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம்.
நவமணிக்கு ஃபேன் காயில் சுற்றும் வேலை.
என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், அவ்வளவுதான்.
மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம்.
திருகினேன்.
சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது,
எங்கள் வரவு செலவை யாரோ அதனிடம் சொல்லிவிட்ட மாதிரி.
பெடலும் சேர்ந்து பின்னால் வந்து
அவள் முழங்கையில் ஒன்று வைத்தது.
"ரிவர்ஸ் சூப்பரா கீதே!"
எதிர்வீட்டுக் கோதண்டம்.

நிறத்தை நம்பாத, என்றாள்.
தடித்ததில் இரண்டு, மெல்லியதில் இரண்டு மாற்றினாள்.
முனகியது.
இன்னொரு மாற்று. உதறியது.
ஐந்தாவது தடவை
காற்று என் லுங்கியைத் தொட்டது.

அச்சு நழுவினால் ஒயரை அறுத்துக்கொண்டு போகும் என்று
ஒரு இரும்புப் பட்டைக்காகத்
தண்டையார்பேட்டை வரை அனுப்பினாள்.
அறுபது ரூபாய். அரை நாள் வியாபாரம்.

விடிகாலை நாலரை.
துறைமுகக் கேட்டுக்குக் கன்டெய்னர் லாரிகள்
வால் நீட்டிக் கிடக்கும் நேரம்.
மேம்பாலத்தில் எப்போதும் இறங்கும் இடத்தில்
கால் தானாக இறங்கப் பார்த்தது.
வேண்டாம் என்றது வண்டி.
கேனுக்குள் டீ தளும்பும் சத்தத்தை
அன்றைக்குத்தான் கேட்டேன்.
செயின் கிறீச்சிட்டதும் தம்ளர் நீட்டுகிற டிரைவர்கள்
ஒருத்தரும் எழவில்லை.
"டீ" என்று கத்தினேன்.
என் தொண்டை எனக்கே புதுசு.

மூன்றாம் நாள் பாலத்தின் பாதியில் செத்தது.
தள்ளினேன், பழையபடி,
பன்னிரண்டு கிலோ கூடுதலாக.
ஏறும்போது நீயும் மிதிக்கணும், என்றாள்,
அது துணைக்கு வந்தது.

இரவு, சார்ஜரில் சிவப்பு.
ஜன்னலுக்கு வெளியே
அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டிலும் சிவப்பு.
கொடியில் காயும் சட்டையில் விரல் வைத்தால்
சாம்பல் ஒட்டுகிறது.
அதில் கொஞ்சம் நான் ஏறிய பாலம்.
சார்ஜர் ஆறு மணி நேரத்தில் பச்சையாகிவிடும்.

ஒரு வெள்ளை ஒயர் மட்டும்
எதனோடும் சேராமல் தொங்குகிறது.
காகிதத்தில் அதற்குப் படம் இருக்கிறது,
எங்களுக்குப் புரிகிற மாதிரி எதுவும் இல்லை.
டேப் சுற்றி விட்டிருக்கிறாள்.
வண்டி ஓடுகிறது.