எதிர்மனுதாரர்

தட்டோன் நில அலுவலகத்துக்கு எதிரே
தார்ப்பாய்க்குக் கீழே என் மேஜை.
மனு ஒன்றுக்கு இரண்டாயிரம் கியாட்.
முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பேன்,
பிறகு பர்மா மொழியில்.
அழுதால் அதற்குத் தனியாக வாங்குவதில்லை.

பேச்சியம்மை அழவில்லை.
கொடிக்காலில் பதினான்கடி போய்விட்டதாம்.
"ஓடை தின்னுருச்சு.
தின்னதையாச்சும் வயித்துல வச்சுக்கிட்டுதா?
அக்கரையில, ஊ தான் மவுங் நெலத்துல
கக்கி வச்சிருக்கு."

அப்படியே எழுதிக் கொண்டுபோனேன்.
எழுத்தர் கோ நைங்
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.
தின்றது யார்? பெயர்?
தகப்பன் பெயர்? அட்டை எண்?
அலங்காரம் வேண்டாம் அக்கா, அளவு போதும்.

தின்றதை அடித்தேன். கக்கியதை அடித்தேன்.
ஓடை என்பதிலேயே
யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள்,
அதையும் அடித்துவிட்டு
வெறும் நீர் என்று தொடங்கினேன்.
அடிக்க அடிக்க எழுந்து உட்காருகிறது.
ஊற்றுக்குக் கண் வைத்தது யார்?
மடைக்கு வாய்,
வாய்க்காலுக்கு வாயோடு காலும்,
கடலில் சேரும் இடத்தில் முகத்துவாரம்,
படுத்துக்கொள்ளப் படுகை.
தடுக்கிற சுவருக்குக்கூட
அணை என்று பெயர் வைத்திருக்கிறோம்,
என்னவோ ஆசையாய்க் கட்டிப்பிடிப்பதுபோல.
எனக்கு வெகுகாலம் முன்னால் எவளோ
ஓர் ஆளை முழுசாகச் செய்துவிட்டு
கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறாள்,
அதே தண்ணீரில்.

பர்மா மொழி காப்பாற்றும் என்று பார்த்தால்
மண்ணரிப்புக்கு அரசாங்கம் அச்சடித்த சொல்
யே தைக் சா.
யே, தண்ணீர். தைக், மோதுவது.
சா, சோறு சாப்பிடுகிற அதே சா.
படிவத்தில் ஏழாவதாக இருக்கிறது.
கோ நைங்கிடம் விரல் வைத்துக் காட்டினேன்.
"அது அலங்காரம் இல்லை" என்றார்,
"அது கட்டம்."

ததின்ஜுட் விளக்குகள் அணைந்த வாரம்
அளக்கப் போனோம்.
கணுக்கால் தண்ணீர்.
பள்ளிக்கூடக் கட்டுரைகளில்
எல்லா ஓடையும் சிரிக்கும், துள்ளும், பாடும்.
இது ஒரு ரப்பர் செருப்பைக்
கல்லில் முட்டவிட்டு, விலக்கி,
மறுபடி முட்டவிட்டது.
விட்டது என்கிறேன் பாருங்கள்.
செருப்பு முட்டியது. அவ்வளவுதான்.

அக்கரையிலிருந்து ஊ தான் மவுங் கை காட்டினார்.
புது வண்டலில் நிலக்கடலை போட்டிருக்கிறார்,
இலை வந்துவிட்டது.
"நான் எடுக்கவில்லை, அதுதான் கொடுத்தது."
நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்
பேச்சியம்மை:
"குடுக்கத் தெரிஞ்சதுக்குத்
திங்கத் தெரியாதாக்கும்?"

அகலம் பதினான்கு, சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.
நீளத்துக்கு டேப்பின் ஒரு முனையை
அவள் மிதித்துக்கொண்டாள்.
முப்பத்தொன்று என்று நான் எண்ணும்போது
ஒரு வெற்றிலைக் கால் சாய்ந்தது,
அதைத் தாங்கப் போனாள், நானும் போனேன்.
மஞ்சள் நாடா நீரில் இறங்கி
நெளிந்து, வளைவு திரும்பி,
காணோம்.

நோட்டில் குறித்தேன்.
"என்ன எழுதுன?"
டேப் தொலைந்தது.
"தொலையல.
எம்புட்டு நீளம்னு அதுக்கே தெரியாது பாவம்,
அளந்து பாக்க எடுத்துட்டுப் போவுது."

திங்கட்கிழமை மனுவைக் கொடுத்தேன்.
அகலம், பதினான்கடி.
நீளம், என் காலால் எழுபது.
காரணம், ஏழாம் கட்டம்.
எதிர்மனுதாரர், சௌங்.
அந்தப் பக்கத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது,
ஓடை என்றே ஓடையைக் கூப்பிடுகிறார்கள்.
தகப்பன் பெயருக்குக் கோடு போட்டேன்,
நேராக வரவில்லை.

கோ நைங் படிக்காமல் முத்திரை குத்தினார்.

பேச்சியம்மை இரண்டு கவுளி வெற்றிலை கொடுத்தாள்,
இரண்டாயிரத்தில் ஐந்நூறு பாக்கி.
டேப் மூவாயிரம்.
அதை யார் கணக்கில் எழுதுவது?