வைக்கோல் நிறக் கல்

எங்கள் மாடிக்குப் படங்கள்
மை வாசனை போகாமலே வரும்.
கீழே கல்லச்சுக்காரர்கள்.
மேலே நாங்கள், பன்னிரண்டு பெண்கள்,
படத்தின் முதுகில் ஒரு விரல் பசை,
முகத்தின் மேல் ஒரு மெல்லிய தாள்.
நூறு ஒட்டினால் ஒன்பது சென்ட்.
பிலடெல்பியாவில் அதற்கு
ஒரு ரொட்டியும் பாதி வெங்காயமும் கிடைக்கும்.

புத்தகம் அரசாங்கத்துடையது.
ரயில் எந்த வழியாகப் போகலாமென்று
மேற்கே நடந்து பார்த்தவர்களின் அறிக்கை.
எழுத்தை எவன் படிக்கப்போகிறான் என்பார்
மேஸ்திரி ஆஸ்டர்டாக்,
செனட்டர் வீட்டம்மாக்கள் புரட்டுவது படத்தைத்தானாம்.

ஒரு படத்துக்கு இரண்டு கல்.
ஒன்றில் கறுப்பு: மலை, பைன் மரம், கோவேறு கழுதை,
மலை எவ்வளவு பெரிதென்று காட்ட
தொப்பி போட்ட ஒரு மனிதர்.
மற்றதில் வைக்கோல் நிறம்,
தாள் முழுக்க, சாயும் வெயில் மாதிரி.
வெள்ளை வேண்டிய இடத்தில்
அந்தக் கல்லைச் சுரண்டிவிடுவார்கள்.
பனி என்பது மை படாத இடம்.
மேகமும்.
ஆற்றின் மினுக்கமும்.

இங்கே வந்த முதல் வாரமே
எனக்குப் பிடித்துப்போன விஷயம் இது:
வெள்ளையை யாரும் அச்சடிப்பதில்லை,
விட்டுவைக்கிறார்கள்.

பதினேழாம் படம் ஒரு பள்ளத்தாக்கு.
வெள்ளோட்டத் தாளில் நான் பார்த்தேன்,
ஆற்றோரம் பதினொரு கூடாரம்,
உலரப் போட்ட தோல்கள்,
மூன்று காலும் ஒரு கீறலுமாக ஒரு நாய்,
நடுக் கூடாரத்தின் உச்சியிலிருந்து புகை.

பிறகு வாஷிங்டனிலிருந்து கடிதம் வந்தது.
பள்ளத்தாக்கு காலியாக இருத்தல் நலம்.

கல்லில் இருப்பது அழியாது என்பார்கள்.
அழியும். நுரைக்கல்லும் தண்ணீரும் போதும்.
வெண்டலின் ஒரே மத்தியானத்தில்
பதினொன்றையும் தேய்த்தார். நாயும் போனது.
அந்த இடத்தில் புல் வரைந்தார்,
நல்ல புல்தான், குறை சொல்ல முடியாது.

வைக்கோல் நிறக் கல்லை யாரும் தொடவில்லை.
புகை அதில் ஏற்கெனவே சுரண்டியாகிவிட்டது.
அதைச் சரிசெய்ய முழுக்கல்லையும் அரைக்க வேண்டும்,
புதிதாக மையேற்ற வேண்டும்,
அரை நாள் கூலி யார் தலையில் கட்டுவது?
"மூடுபனி என்று நினைத்துக்கொள்வார்கள்"
என்றார் ஆஸ்டர்டாக்,
பைப்பை மேசை விளிம்பில் தட்டியபடி.

மூவாயிரம் பிரதி.
மூவாயிரம் காலிப் பள்ளத்தாக்கு.
ஒவ்வொன்றிலும்
வெறும் புல்லிலிருந்து நிமிர்ந்து எழும்
ஒரு வெள்ளை.

மூடுபனி நிமிர்ந்து எழாது.
மேயோவில், எங்கள் கூரையைப் பிரித்துப் போட்ட அன்று,
சுவர்களைக் கடப்பாரையால் தள்ளியான பிறகும்
அடுப்பு அணையவில்லை.
வீடு இல்லையென்று புகைக்கு யாரும் சொல்லவில்லை போல.
வழக்கமான வழியில் போய்க்கொண்டிருந்தது.
அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். வயது ஒன்பது.
பாதை வளையும் வரை பார்த்தேன்.

"ஓனோரா, மடிப்பு கோணுது"
என்றாள் பக்கத்து மேசை ட்ரைஃபீனா.
நேராக்கினேன்.

இந்தப் படத்தை ஒருநாள் யாராவது
கிழித்தெடுக்கப் பார்ப்பார்கள்.
சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட,
அல்லது அடுப்பெரிக்க,
அல்லது யாருக்காவது ஒருநாள்
அந்த வெள்ளை உறுத்தி.

அதனால் பதினேழுக்கு மட்டும்
இரண்டு விரல் பசை.
முதுகெலும்பு வரை இழுத்துப் பூசி,
கட்டைவிரலால் அழுத்தி,
பத்து எண்ணும்வரை கையை எடுக்காமல்.

வெள்ளிக்கிழமை ஆஸ்டர்டாக் கேட்டார்,
பசை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று.

எலி, என்றேன்.