சரிபார்த்தவர்

நெலிடா,
பதினான்கு மாதமாக என் அறிக்கைகளில்
நீ பச்சை மசியால் ஒன்றும் எழுதவில்லை.
நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன்:
அறுபத்தொரு அறிக்கை.
ஒவ்வொன்றின் கடைசித் தாளிலும் ஒரு 'சரி',
'சரிபார்த்தவர்' என்ற கோட்டின்மேல் உன் பெயர்,
சில இடத்தில் காப்பிக் கோப்பையின் அரைவட்டம்.

முதல் வருடம் என் தாளெல்லாம்
கீரைக்கட்டு மாதிரி திரும்பி வரும்.
தால்காவானோவில் மீன் டப்பா ஆலையை விட்டு
முப்பத்தாறு வயதில் இந்த வேலைக்கு வந்தவன் நான்.
உனக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு.
விரிசல் 'பெரியது' என்று எழுதினால்
'யாருடைய விரலுக்கு?' என்று ஓரத்தில் கேட்பாய்.
வெடித்தது பூச்சா தூணா,
தட்டிக் கேட்டாயா என்பாய்.
இன்றைக்கும் எந்தச் சுவரைக் கண்டாலும்
விரல் முட்டியால் தட்டுகிறேன்,
மைத்துனி கல்யாணத்தன்று தேவாலயத்தில்கூட.
பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
வியாழக்கிழமைக் காப்பிக்கு
வெறுங்கையோடு வரக் கூசி
சந்தேகங்களைத் தயாரித்துக்கொண்டு வருகிறேன்.
புதன் மாலைகளில் அதுதான் எனக்கு வேலை.
போன வாரம் ஒரு உத்திரத்தைப் பற்றிக் கேட்டேனே,
விடை எனக்குத் திங்களே தெரியும்.
நீ சொல்லச் சொல்ல
புதிதாய்க் கேட்பவனின் முகத்தை வைத்துக்கொண்டேன்.
நீயும்
புதிதாய்ச் சொல்பவளின் முகத்தை
வைத்திருந்தாயோ என்று இப்போது தோன்றுகிறது.

லோத்தா பள்ளிக்கூடம் வேறு.
படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து
'ஆறு மாதம் கவனிக்கலாம்' என்றாய்.
நான் அந்தக் கீழ்த்தளத்தில் நின்றவன், நெலிடா.
தூணின் காலடி ஈரமாக இருந்தது.
கம்பியின் துரு கையில் ஒட்டியது.
மேலே மூன்றாம் வகுப்பு
வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.
படத்தில் சத்தம் வராது.

வீட்டுக்கு வந்து
'ஆறு மாதம்' என்றுதான் எழுதினேன்.
எழுதியது என் கை.
பத்து மணிக்குப் படுத்து
இரண்டு மணிக்கு எழுந்து அடித்தேன்.
'உடனே காலி செய்க.'
உன் கோட்டை வெறுமையாக விட்டு அனுப்பினேன்.

நீ சொன்னதே சரியாகவும் இருக்கலாம்.
தூணை உடைத்துப் பார்க்கும்வரை யாருக்குத் தெரியும்.
என்னை உலுக்கியது அந்த நான்கு மணி நேரம்,
கண்ணால் கண்டதைக்
காணாதவனாகப் படுத்திருந்தேனே, அது.

கான்கிரீட்டுக்கு முட்டு பிரிக்க நாள் கணக்கு உண்டு.
அவசரப்பட்டால் தளம் தொய்யும்.
தாமதித்தால் பலகை கவ்விக்கொண்டு
பிரிக்கும்போது தோலை உரிக்கும்.
இதுவும் நீ சொன்னதுதான், ஓரத்தில், பச்சையில்.
ஆளுக்கு அட்டவணை போட்டவர் யாருமில்லை.

இதையெல்லாம் சொல்லத்தான் இன்று வந்தேன்.
'இனி வியாழன்களில்' என்று தொடங்கியதும்
கரண்டியைக் கீழே வைத்தாய்.
'லோத்தா நகராட்சியிலிருந்து போன் வந்தது.'
கோபமா, தெரியவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பியோபியோ பாலத்தில்
லாரிகள் ஊர்ந்தன.
'என் பெயரை எடுத்துவிட்டாயா?'
'எடுத்துவிட்டேன்.'
'நல்லது' என்றாய்,
நல்லது என்று சொல்கிற குரலில் அல்ல.
பிறகு ஒன்பது வருடத்தில் முதல்முறையாக
காப்பிக்கு என்னைப் பணம் கொடுக்கவிட்டாய்.

ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தவன் என்று
யாராவது சொல்வார்கள்.
ஏணிக்கு வியாழக்கிழமை மூன்று மணிக்கு
வேறு வேலை இருக்காது.
உனக்கு இருந்திருக்கும்.
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நாளை கொரோனெலில் ஒரு தண்ணீர்த் தொட்டி.
அளவுகோல், சுத்தி, டார்ச் எடுத்துவைத்தாயிற்று.
அனுப்பிய படங்களில்
நன்றாகத்தான் இருக்கிறது.
ஏறிப் பார்க்கவேண்டும்.