நாற்பத்து மூன்றாம் வரி

நாலு கிலோ உடம்புக்கு
எந்தக் கம்பெனியும் இந்த மருந்தைப் போடுவதில்லை.
பெரியவர்கள் விழுங்குவதைப் பொடித்துத்தான்
பொன்னனின் பிள்ளைக்கு
ஐம்பது மில்லி.

கோத்தகிரியில் ஆடி.
ஜன்னலைச் சாத்தியும் மஞ்சு உள்ளே வருகிறது.
தராசு ஓர் எண்ணில் நிற்க மாட்டேன் என்கிறது,
மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறேன்.
கல்வத்தில் ஐந்து மாத்திரை:
முதலில் நொய், பிறகு மாவு,
பிறகு கன்னத்தில் பூசும் பவுடர்.
சிரப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்து
களிம்பான பின்தான் மீதி.
அவசரப்பட்டால் கட்டி தட்டும்.
ஒரு நாள் மருந்தெல்லாம் அந்தக் கட்டியில் போகும்,
மறுநாள் வெறும் இனிப்பு.

வெளியே பெஞ்சில் பொன்னன்.
கரிக்கையூர் வண்டி நாலு நாற்பதுக்கு,
அதை விட்டால் நாளைதான்.

நாலு இருபது. லேபிள் ஒட்டியாயிற்று.
பெனாசிர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.
அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை,
கிழித்துப் போட்ட மாத்திரை அட்டையைத் திருப்பினாள்.
"இது இருபத்தஞ்சு இல்ல. அம்பது."

அதே நீலம். அதே கம்பெனி.
திங்கட்கிழமை வந்த புது ஸ்டாக்.
"நல்லாப் பாரு" என்றேன் கோபமாக.
நன்றாகப் பார்த்திருக்க வேண்டியவள் நான்.

பாதி அளவு கொடுக்கச் சொன்னால் போதுமே என்று
ஒரு கணம் மனசு வகுத்துப் பார்த்தது.
அது மருந்தின் கணக்கில்லை, பஸ்ஸின் கணக்கு.
பாட்டில் மஞ்சள் பைக்குப் போயிற்று.

கல்வத்தைக் கழுவி, துடைத்து,
காயட்டும் என்று நின்றேன்.
ஹாரன் கேட்டது.
பொன்னன் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

அலமாரியின் பின்வரிசையில் இருபத்தைந்து இருந்தது.
இந்த முறை எண்ணை இருவரும் வாய்விட்டுப் படித்தோம்.

ஐந்தரைக்கு இரண்டாவது பாட்டில்.
ஊசியில்லாத சிரிஞ்சில் அரை மில்லி இடத்தில்
பெனாசிர் தன் நகச்சாயத்தால் சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள்.
"இதுக்கு மேல ஒரு முடி அளவும் வேண்டாம்."
பொன்னன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எந்தக் கம்பெனிங்க மேடம்?"
"நாங்கதான்."
சற்று யோசித்தார்.
பிறகு பாட்டிலைச் சட்டைக்குள் வைத்து, பொத்தான் போட்டார்.

பச்சைத் தேயிலை லாரி ஒன்று
பாதி தூரம் ஏற்றிக்கொண்டது.
மீதிப் பாதி எனக்குத் தெரியாது.

பதிவேட்டில் கிறுக்கக் கூடாது, ஒயிட்னர் கூடாது.
ஒரே ஒரு கோடு,
அடியில் இருப்பது படிக்கும்படி.
நாற்பத்து மூன்று: கோடு, இரண்டு கையெழுத்து, காரணம்.
'அட்டை மாறிவிட்டது' என்று எழுதினேன்.
பெனாசிர் படித்துவிட்டு
பேனாவை என்னிடமே திரும்ப நீட்டினாள்.

'அட்டையைப் படிக்கவில்லை.'

முன்பு எழுதியதன் மேல்
ஒரே ஒரு கோடு.