பதினொன்றாவது தலை

கண்ணாடியில் தலைகளை எண்ணிவிட்டுத்தான்
வேனை நகர்த்துவேன். ஆறு வருடப் பழக்கம்.
இந்த வருடம் பத்தோடு நின்றுவிடுகிறது கணக்கு.
பதினொன்றாவது தலை
இருக்கைக்கு அடியில் எதையாவது தேடிக்கொண்டிருக்கும்.
ஒருநாள் அழிப்பான், ஒருநாள் வலது காலணி,
ஒருநாள் மூக்குக்கண்ணாடி.

பெயர் யுகேந்திரன். நாலாம் ஆண்டு.
வேனில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.
தவக்களை என்றால் தெரியும்.

மதியம் ஒன்றரைக்கு ஜெலுத்தோங் சாலை நகராது.
பின்வரிசையில் ஒருவன் ஆரம்பிப்பான் அந்தப் பெயரை,
இருவர் சேர்ந்துகொள்வார்கள்.
மற்றப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.
வெளியே ஒன்றுமில்லை.
ஒரு சிமெண்டு லாரி.

அதட்டுவேன். அடங்கும்.
அடுத்த சிவப்பு விளக்கில் மறுபடியும்,
இந்த முறை வெறும் உதட்டசைவாய்.
உதட்டசைவை அதட்ட எனக்குத் தெரியவில்லை.

அவன் அம்மாவிடம் சொன்னேன்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடையில்
பேருந்துக்கு ஓடிக்கொண்டே சொன்னாள்,
"திருப்பி ஒண்ணு குடுடான்னு நானும் சொல்றேங்கா,
கேக்கமாட்டேங்குறான்."
அவன் மணிக்கட்டை நான் பார்த்திருக்கிறேன்.
கொத்தமல்லித் தண்டு.

ஒரு வியாழக்கிழமை,
சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே,
எல்லோரும் இறங்கியும் அவன் இறங்கவில்லை.
வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு இடப்பக்கம், சிவப்பு.
எனக்குக் கை நடுங்கிவிட்டது.
"சம்பல்தான் ஆண்ட்டி," என்று
அவன்தான் என்னைத் தேற்றினான்.
சட்டைப் பைக்குள் ஊற்றியிருக்கிறார்கள்,
நெத்திலியோடு.

"யாருடா?"
"டீச்சர்கிட்ட சொல்லிடுவீங்க."
"மாட்டேன்."
"தண்ணீர்மலையான் மேல?"
"சத்தியமா."

மூன்று பெயர்கள் சொன்னான்.
அதில் ஒன்று
முதல் தேதியே தவறாமல் வேன் காசு தரும் வீடு.

துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிய சட்டையைத்
துவைக்காமல் நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு
வெள்ளிக்கிழமை காலை
தலைமையாசிரியை முன் நின்றேன்.
பெட்ரோல் கணக்கு எழுதும் நோட்டில்
தேதி, நேரம், பெயர் எல்லாம் எழுதியிருந்தேன்.
பேசத் தொடங்கியபோது
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
"சின்னப் பிள்ளைங்க விளையாட்டும்மா,"
என்றார் பக்கத்து மேசைக்காரர்.
"அப்போ இந்தச் சட்டைய
நீங்க துவைச்சுக் குடுங்க சார்."

தலைமையாசிரியை பையை அவிழ்த்துப் பார்த்தார்.
வாடை அறை முழுக்கப் பரவியது.
அதற்குப்பின் யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை.

விசாரித்தார்கள். பெற்றோரை அழைத்தார்கள்.
ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைத் தூணருகே
இப்போது ஓர் ஆசிரியர் நிற்கிறாராம்.
இரண்டு வீடுகள் பிள்ளைகளை
வேறு வேனுக்கு மாற்றிக்கொண்டன.
என் வேனுக்கு இன்னும் பதினான்கு மாதத் தவணை.
மூன்றாமவனை என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன்.
நகத்தைக் கடித்துக்கொண்டு வருவான்.
அவன் வீட்டு வாசலில் ஒருநாளும்
யாரும் நின்று நான் பார்த்ததில்லை.
அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது,
இருந்தாலும் பார்க்கிறேன்.

யுகேந்திரன் என்னோடு பேசவில்லை.
"சத்தியம்னு சொன்னீங்க,"
அவ்வளவுதான் கடைசியாய்ச் சொன்னது.
காலை வணக்கம்கூட இல்லை, பதினேழு நாள்.

தண்ணீர்மலை ஏறி முருகனிடம் ஒப்புக்கொண்டேன்.
அவனிடம் சுலபம்,
மூச்சிரைக்கப் படியேறினால் தீர்ந்தது.
பத்து வயதுக்குப் படிகள் கிடையாது.

இன்று நல்ல மழை.
பள்ளி வாசலில் எண்ணுகிறேன்.
பக்கத்தில் ஒன்று, கண்ணாடியில் எட்டு.
எட்டாவது தலை நிமிர்ந்திருக்கிறது,
முடியில் நீர் சொட்ட
என்னையே பார்த்துக்கொண்டு.

"ஆண்ட்டி, கதவு சரியா சாத்தல."

சாத்தித்தான் இருந்தது.
குடையில்லாமல் இறங்கிப் போய்த்
திறந்து
மறுபடியும் சாத்தினேன்.