எதிர்ச்சுற்று

போரா அடிக்கும் காலை.
ட்ரியெஸ்தேயின் மேட்டுத் தெருவில்
ஒரு கையில் கயிறு, மறு கையில் கருவிப்பெட்டி.
காற்று என்னைப் படிக்குப் படி
எடை போட்டுப் பார்த்தது.

ஃபெருச்சோ கதவு திறக்கும் முன்பே
திட்ட ஆரம்பித்திருந்தார்.
"நாலு நாளா இது அரைக்கல, மெல்லுது.
மரை கழண்டது இதுக்கா எனக்கா,
பாத்துச் சொல்லு."

ஒரு நேரோ போட்டுக் காட்டினார்.
இருபத்தைந்து நொடி சொட்ட வேண்டியது
ஏழு நொடியில் குழாய்த் தண்ணீராய்க் கொட்டியது.
நுரை, பேருக்கு.

வளையத்தை இறுக்கினாராம். இன்னும் இறுக்கினாராம்.
கொட்டை மாற்றினார்.
கடலின் ஈரத்தைச் சொன்னார்.
பிறகு ஒண்டினாவின் கையைச் சொன்னார்:
ஆறு வருடம் இதே கல்லாப் பக்கம் நின்ற கை.
செவ்வாய்க்கிழமை கணக்கு முடித்து
அனுப்பிவிட்டார்.

நான் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன்.
(பத்து விரலும் இருக்கிற மெக்கானிக்கை மட்டும் நம்புங்கள்.)
ஹாப்பரைத் தூக்கினேன்,
தொண்டையில் மிஞ்சிய கொட்டைகளை உறிஞ்சி எடுத்தேன்,
வளையத்தைத் திருகித் திருகித் திறந்தேன்.
உள்ளே
மறந்துபோன எண்ணெய்ச் சட்டியின் வாடை.
மூலைகளில் மாவு கெட்டித்து
மரப்பட்டை போல உரிந்தது.

"தினமும் துடைக்கிறோம்" என்றார்.
துடைத்திருந்தார்கள், வெளியே.

பல்தட்டின் மேல் நகத்தை இழுத்தேன்.
நகம் சீவிக்கொண்டு வந்தது.
பிப்ரவரியில் நானே மாட்டியது,
இன்னும் இருநூறு கிலோவுக்குக் கூர் இருக்கிறது.
திருகுகள் சரி. சுருள்வில் சரி.
கல் இல்லை, ஆணி இல்லை,
குற்றவாளி என்று கையில் எடுத்துக் காட்ட
ஒன்றுமே இல்லை.

மூடி, மறுபடி மாட்டி, ஓட விட்டேன்.
மோட்டார் அழகாகப் பாடியது.
அதுதான் என்னைக் குழப்பியது.
தப்பு செய்கிறவர்கள்
கொஞ்சம் திக்குவார்கள் இல்லையா.

மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன்.
தட்டு நின்ற பின்
பிரஷால் அடிப்பாகத்தைச் சுரண்ட,
பல வருடக் கறுப்புக்குக் கீழே
வார்ப்பிலேயே பொறித்த ஓர் அம்பு.
வலப்பக்கம் பார்த்துக்கொண்டு.

தட்டு சுற்றியதோ இடம்.

"சனிக்கிழமை யாராவது வந்தாங்களா?"
"துல்லியோ வந்தான். ப்ரிட்ஜுக்குப் புது லைன் இழுக்க.
போர்டையும் ஒழுங்குபண்ணிட்டுப் போனான்."

துல்லியோ துல்லியமாகத்தான் மாட்டியிருந்தான்
மூன்று ஃபேஸையும்.
இரண்டு மட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று.
கத்தி முதுகால் வெட்டிக்கொண்டிருந்தது
நாலு நாளும்.
இன்னும் ஒரு வாரம் போயிருந்தால்
இடதுமரை நட்டும் கழன்று
உண்மையாகவே உடைந்திருக்கும்.

மெயினை அணைத்தேன்.
இரண்டு வயர்களை இடம் மாற்றினேன்.
ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இருபத்தாறு நொடி.
எலிவால் தடிமனில், தேன் நிறத்தில்.
ஃபெருச்சோ குடிக்கவில்லை,
கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு பில் புத்தகத்தின் மேல் குனிந்து,
கடையில் வேறு யாரும் இல்லாதபோதும்
குரலைத் தணித்து:
"பல்லு தேஞ்சிருந்ததுன்னு எழுதேன்.
புதுப் பல்லுக்கே காசு தர்றேன்."

நான் எழுதினேன்:
சுத்தம் செய்தது, ஒரு மணி நேரம்.
சுற்றுத் திசை திருத்தியது, கட்டணம் இல்லை.

அவர் ரசீதை நாலாக மடித்தார்.
எட்டாக மடித்தார்.

வியாழக்கிழமை எனக்கு
சான் ஜாக்கொமோவில் ஒரு சர்வீஸ் இருக்கிறது.
புதுசாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம்.
வந்த அன்றே வளையத்தை
ஒரு கோடு தளர்த்தினாளாம்,
முதலாளி போனில் மெச்சிக்கொண்டார்.

அவரிடம் சொல்லலாமா என்று
வாசலில் ஒரு கணம் நின்றேன்.
காற்று கதவை என் கையிலிருந்து பிடுங்கி
அவர் பக்கம் அறைந்தது.