வெறுங்கையோடு வராதவர்கள்

முதல் நாள் ஆறு.
மேல்விஷாரத்துத் தோல் மண்டி வாஜித் பாய்க்கு முன்னால்
அவர் பை உள்ளே வந்தது.
மறுநாள் குடியாத்தத்துச் சம்பந்தி,
பழத்தின் எடையைச் சொல்லிவிட்டுத்தான்
உடம்பை விசாரித்தார்.
காட்பாடிச் சீட்டுக்காரம்மா ஒரு டஜன்.
பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன கொழுந்தன்கூட
நான்கைக் கால்மாட்டில் வைத்துவிட்டு
சுவரைப் பார்த்தபடி நின்றார், கால்மணி நேரம்.

அட்டையில்: தயாளன், ஐம்பத்தாறு, ஆண்.
மூக்கில் குழாய்.
தண்ணீர்கூட
பஞ்சில் நனைத்து உதட்டில்தான்.
தலைமாட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டிக்கரோடு,
ஐம்பத்து மூன்று ஆப்பிள்.

எறும்பு வரும், எடுத்துட்டுப் போங்க
என்றாள் நர்ஸ்.

பின்தெரு லாட்ஜில் பதினான்காம் நம்பர்.
அடுப்புக்கு நாளுக்கு முப்பது ரூபாய் தனி.
சித்திரை.
வேலூர்ச் சுவர்
ராத்திரி இரண்டு மணிக்கும் ஆறுவதில்லை.
அடியில் கிடந்த ஒன்று கன்றிப்போய்
அறை முழுக்கப் புளித்த வாடை.
அன்றுதான் கத்தியை எடுத்தேன்.

சாம்பாரில் போட்டேன். பாயசமா, குழம்பா
என்று பருப்புக்கே குழப்பம்.
துருவி, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, நல்லெண்ணெய்;
கண்ணை மூடிக்கொண்டால்
மாங்காய்த் தொக்கென்று பாதி நம்பலாம்.
முள்ளுக்கத்தரியோடு வதக்கியதை
லாட்ஜ் பையன் முனிரத்தினம் ருசி பார்த்து
"அக்கா, கத்தரிக்கா மட்டும் கிடைக்குமா?" என்றான்.

பதினைந்தாம் நம்பரில் ஜோத்ஸ்னா, மால்டாக்காரி.
மகன் ரத்த வார்டில்.
எனக்கு அவள் பாஷை தெரியாது.
ஒருநாள் என் கரண்டியைப் பிடுங்கி
எண்ணெயில் என்னென்னவோ விதைகள் பொரியவிட்டு
வெல்லம் போட்டு, கிளறாமல் மூடி வைத்தாள்.
நான் கிளறப் போனபோது கையில் ஒரு அடி.
சாப்பிட்டுவிட்டு இருவரும்
எதற்கோ அழுதோம். பிறகு
அவள் கட்டிலடியிலிருந்து
அவளுடைய பதினோரு ஆப்பிளை இழுத்துக் காட்டினாள்.

அப்புறம்தான் கொடுக்க ஆரம்பித்தேன்.
கையில் பையிருந்தால்
எந்த வார்டிலும் யாரும் தடுப்பதில்லை.
இருபத்திரண்டாம் படுக்கைக்கு ஐந்து,
ஆம்பூர்க்காரர் மனைவிக்கு மூன்று,
கூட்டுகிற தேசம்மாவுக்குக் கேட்காமலே எட்டு.
"உங்க வீட்டுக்காரருக்கே அப்படியிருக்கையில
எங்களையும் பாக்க வந்தீங்களே" என்று
ஒருவர் கும்பிட்டார்.
எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை இருபத்திரண்டுக்குக் கொடுத்ததில் ஒன்று,
காம்படியில் பிறைபோல் நகக்கீறல்,
என் நகம்தான்,
வியாழக்கிழமை
ஒன்பதாம் படுக்கைக்காரர் மைத்துனர் கையில்
எங்களைப் பார்க்க வந்தது.
எதுக்குங்க இதெல்லாம்
என்று வாங்கிக்கொண்டேன்.

மிச்சத்தை எலுமிச்சை பிழிந்து சர்க்கரையில் காய்ச்சி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து
முனிரத்தினத்தின் தங்கைக்குக் கொடுத்தனுப்பினேன்.
அறையைக் கழுவினேன்.
ஒன்று இல்லை.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள்.
சின்ன டாக்டரம்மா, சொந்த ஊர் திருப்பத்தூர்,
"கொஞ்சம் ஆப்பிள் வேகவெச்சு
மசிச்சுக் குடுங்க" என்றாள்.
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

வாசல் தள்ளுவண்டியில் வெயிலைவிடப் பளபளப்பாய்
அடுக்கி வைத்திருந்தான்.
எத்தனைம்மா?
ஒண்ணு.
ஒரு கிலோவா?
ஒரு பழம்.
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
அடுக்கைக் கலைத்து நடுவிலிருந்து எடுத்து
சட்டையில் துடைத்து
முப்பத்தைந்து ரூபாய் என்றான்.
பேரம் பேசவில்லை.

மூன்று ஸ்பூன் இறங்கியது.
நான்காவதுக்கு முன்னால் கையால் தடுத்து
தொண்டையைச் செருமி,
பன்னிரண்டு நாளுக்குப் பிறகு
இவர் பேசிய முதல் வார்த்தை:
"உப்பு."

மீதிக் கிண்ணத்தை நான் வழித்தேன்.
ஆமாம்,
ஒரு கல் குறைச்சல்தான்.